பேஜார்

தெருவைத் தோண்டிப் போட்டதிலிருந்து ராயப்பேட்டையில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் இல்லை. இடம் பிடிக்கக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, லாரிக்காக வெயிலில் நின்றிருந்தோம்.

“ஒரே பேஜாரா கீது,” என்றேன், தொல்லை என்ற பொருளில்.

பெங்களூரில் வளர்ந்த என் மனைவி, “கன்னடத்துல மனசு கஷ்டமா இருந்தாதான் பேஜாரு,” என்றாள்.

வீட்டில் உருது பேசும் எதிர்வீட்டு அக்கா, “இல்ல தம்பி, வெறுத்துப் போறதுதான் பேஜார்,” என்றார்.

பாரசீகத்திலிருந்து வந்த சொல் என்று ஆரம்பித்தேன். இருவரும் காதில் வாங்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

லாரி வந்தது. நிற்காமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

வெறுங்குடங்களைத் தூக்கிக்கொண்டு மூவரும் ஒரே குரலில், “பேஜார்!” என்றோம். யாரும் யாரையும் திருத்தவில்லை.