எங்கள் கிணற்றுக்கு வராத எஞ்சின்

அந்தக் கோடையில், கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கமலை இழுத்த இரண்டு மாடுகளில் ஒன்று செத்துப்போயிற்று. வயலில் வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. பழைய காரின் எஞ்சினைக் கழற்றிப் பம்போடு பூட்டினால் மண்ணெண்ணெயிலேயே தண்ணீர் இறைக்கலாம் என்று செம்பட்டிச் சந்தையில் யாரோ சொல்ல, அப்பாவுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. நாகல் நகரில் அப்படி ஓர் அமெரிக்கக் கார் விலைக்கு இருந்தது.

எஞ்சினை மதிப்பிட அப்பா அழைத்துப்போனது மாமாவை. மாமா மாட்டுத் தரகர். எங்கள் குடும்பத்தில் எதற்காவது விலை மதிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நானும் தொற்றிக்கொண்டேன்.

கொட்டகைக்குள் நின்றது கார். மழை பெய்து ஓய்ந்த வானத்தை யாரோ மடித்து உள்ளே வைத்ததுபோல் ஒரு நீலம். அதன் முதலாளி, புகையிலை வியாபாரி, காலமாகிவிட்டார். பட்டணத்திலிருந்த மகன் விற்றுவிடச் சொல்லி டிரைவருக்குக் கடிதம் போட்டிருந்தார். வாங்கிய நாள் முதல் அதை ஓட்டியவர் அந்த டிரைவர்தான்.

மாமா காரை ஒரு சுற்றுச் சுற்றினார். முதுகை நீவினார். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார். மாட்டுக்குப் பார்ப்பதுபோல் ராசியான சுழி தேடுகிறாரோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. பிறகு எஞ்சினை ஓடவிடச் சொல்லி, கைத்தடியின் ஒரு நுனியை அதன்மேல் ஊன்றி மறுநுனியில் காதை வைத்தார். என்னையும் கேட்கச் சொன்னார். எட்டு சிலிண்டரும் சேர்ந்து, எங்கோ தொலைவில் மழை நடந்து வருவதுபோல் கேட்டது.

சந்தை வழக்கப்படி மாமா துண்டை விரித்தார். அதன் மறைவில் அவரும் டிரைவரும் கைகோத்தார்கள். விரலைத் தொட்டுத்தான் விலை. பார்ப்பவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும்.

டிரைவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஓட்டப் போறீகளா, பிரிக்கப் போறீகளா?"

"எஞ்சின் மட்டுந்தேன். மத்ததக் காயலாங்கடைக்குப் போட்ரலாம்."

செத்த நேரம் துண்டு அசையவேயில்லை. மாமா கையை உருவிக்கொண்டார்.

"வேணாம் மச்சான். இது நமக்கு ஒத்து வராது."

அப்பா எவ்வளவோ கேட்டும் அவர் காரணம் சொல்லவில்லை. துண்டுக்குள் டிரைவர், விலை பேச ஒரு விரலும் தராமல், ஐந்தையும் மடக்கிக்கொண்டாராம். நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் மாமா அதைச் சொன்னார். கயிற்றை விட மனமில்லாதவனிடம் அவர் மாடு பிடிப்பதில்லை.

பஸ் போய்விட்டிருந்தது. டிரைவர் எங்களைக் காரிலேயே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். புளியமரங்கள் ஒவ்வொன்றாக மிதந்து பின்னால் போயின. அப்பா தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். அது ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை.

"நல்லாத்தான மாப்ள ஓடுது?" என்றார் மெதுவாக.

மாமா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வெங்காய வயல் வந்தது, கடந்தது. நான் மெத்தையில் காலை நீட்டிக்கொண்டேன். இவ்வளவு பெரிய காரில், இவ்வளவு நல்ல காற்றில், அப்பாவுக்கு மட்டும் ஏன் இப்படி வியர்க்கிறது, ஏன் அடிக்கடி முகத்தைத் துடைக்கிறார் என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.