இமைமுடிக்கு வைத்த எண்ணெய்

எனக்கு முன்கோபம். கீமோ என் தலைமுடி, புருவம், இமைமுடி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. அந்த முன்கோபத்தை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தது.

சிகிச்சை முடிந்து, தாம்பரத்தில் நான் வேலை பார்த்த பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குத் திரும்பும் நாள் நெருங்கியது. தலைக்கு விக் இருந்தது, புருவத்துக்குப் பென்சில் இருந்தது. இமைதான் பிரச்சினை. இமைமுடி இல்லாத கண்ணைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு ‘ஐயோ பாவம்’ வந்துவிடும். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

கீமோ கொடுத்த டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பசை தடவி ஒட்டும் செயற்கை இமைமுடி ஒரு ஜோடி வாங்கினேன். சுத்தம் செய்யத் தெரிந்தால் ஒரே ஜோடியைப் பல முறை போடலாம். ஒரு மாதம் வீட்டிலேயே பழகினேன். கழற்றியதும் குழந்தைகள் ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் போடுவேன். பிறகு ட்வீசரால் பழைய பசையை, பாலாடையை எடுப்பதுபோல மெதுவாக உரிப்பேன். டிஷ்யூவில் ஒற்றித் தட்டில் காயவைப்பேன். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், மீன் ஆய்ந்துகொண்டே பார்ப்பார். “இறால் மீசையாட்டம் கீது” என்பார்.

வேலைக்குப் போகும் திங்கட்கிழமை காலை, பசை தடவி இடது இமையை ஒட்டினேன். வழுக்கியது. மறுபடி ஒட்டினேன். கன்னத்துக்கு வந்துவிட்டது. வலதும் அப்படியே. விரலெல்லாம் பிசுபிசு. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். எண்ணெய் பட்டால் அந்தப் பசை பிடிக்கவே பிடிக்காது.

“இதுல யாரு எண்ணெய் வெச்சது?” என்று கத்தினேன்.

அத்தை ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வந்தார். “நான்தாம்மா. ஷாம்பு போட்டுப் போட்டு முடி காஞ்சி போய்க் கீதேன்னு ரெண்டு சொட்டு வெச்சேன்.”

“இது என்ன என் தலையா? இன்னைக்குப் பார்த்துத்தானா என் பொழப்புல மண்ணைப் போடணும்?”

கோவளம் பக்கம் முப்பது வருஷம் மீன் விற்ற வாய் அது. ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுக்கும். அன்று கொடுக்கவில்லை. “உன் தலைக்கு வெக்க முடியலியேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கல்யாணமானதிலிருந்து சனிக்கிழமைதோறும் என்னை முன்னால் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தவர் அவர். ஒரு சனிக்கிழமை முடி கொத்தாக அவர் கையோடு வந்தது. அதன்பின் என் தலையை அவர் தொடவே இல்லை. அருவருப்பு என்று நானாக நினைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மம் நான்.

கழுவிக் காயவைக்க நேரமில்லை. வெறும் கண்ணோடு முடிச்சூரில் பஸ் ஏறினேன். மேசைக்கு முதலில் வந்த நோயாளி அம்மாவுக்குத் தாடை வீங்கியிருந்தது. என் கண்ணைப் பார்த்ததும் அந்த ‘ஐயோ பாவம்’ வந்தது. அடுத்த நொடி பல்வலி வந்து அதைத் துரத்திவிட்டது. டோக்கனைக் கொடுத்தேன். நாள் அப்படியே ஓடிவிட்டது.

மாலை வீட்டுக்கு வந்தால் தட்டில் இரண்டு இமையும் பளிச்சென்று காய்ந்திருந்தன. “மூணு வாட்டி கழுவிட்டேன். இனிமே தொட மாட்டேன்” என்றார் அத்தை, என் முகத்தைப் பார்க்காமல்.

நான் விக்கைக் கழற்றினேன். எண்ணெய்க் கிண்ணத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“இதுல இன்னாத்துக்கும்மா எண்ணெய்?”

அவர் கையைப் பிடித்து என் உச்சந்தலையில் வைத்தேன். அங்கே பூனைமுடி போல முளைவிட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அவர் விரல்கள் அதைத் தடவித் தடவிப் பார்த்தன.

“சொல்லவே இல்லியேடி” என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பிறகு அழுதுகொண்டே எண்ணெய் தேய்த்தார்.