மைக்கம்மாவின் கரகரப்பு

அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் மைக்கம்மாதான். பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில், எது தாமதம், யாருடைய குடை எங்கே கிடக்கிறது என்று காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை தொண்டை கிழியச் சொன்னவர். ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. இந்த நான்கு மாதத்தில் அவர் அதிகம் பேசியது பால் பாக்கெட் போடுபவரிடம். அதுவும் "சரிப்பா" என்ற ஒரே சொல்.

போன வாரம் நிலையத்திலிருந்து தகவல் வந்தது. இனி அறிவிப்பெல்லாம் பதிவு செய்த குரலில். பழைய ஆட்களும் மாதிரி அனுப்பலாம், ஒரே ஒரு குரலைத் தேர்ந்தெடுப்பார்கள். கடைசி நாள் வெள்ளி, மாலை நாலு மணி. ஆள்தான் போயாயிற்று, குரலாவது அங்கே இருக்கட்டுமே என்று மைக்கம்மாவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டரைத் தூசி தட்டினார். புது ஹெட்செட் வாங்கி மாட்டினார். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பதிவு செய்து, போட்டுக் கேட்டார்.

தகரக் கூரையில் ஜல்லி கொட்டியதுபோல் இருந்தது.

மணி ஒன்றரை. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவருக்கு போன் போட்டார். எந்த நோய்க்கும் முதல் மருந்து ஒன்றே என்பதால் அவருக்குப் பெயரே 'ரீஸ்டார்ட்'.

"தம்பி, கரகரன்னு வருதுப்பா. என் குரல் மாதிரியே இல்ல."

"ரீஸ்டார்ட் பண்ணீங்களாக்கா?"

"மூணு தடவை."

"அப்ப எனக்குத் தெரிஞ்ச வித்தை முடிஞ்சுது," என்று சிரித்தார் ரீஸ்டார்ட். "கடையில கூட்டம், வர முடியாது. சொல்றதை ஒண்ணொண்ணா பண்ணுங்க. முதல்ல ஏதாவது பாட்டு போடுங்க. அதுவும் கரகரங்குதா?"

பாட்டு தெளிவாக வந்தது.

"ஸ்பீக்கர் மேல தப்பில்ல. ஹெட்செட் வயரைப் பிடுங்கி, பெட்டிக்குப் பின்னாடி சொருகிப் பாருங்க."

மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய்ச் சொருகினார். அதே ஜல்லி. மைக்கின் அளவு நூறில் இருந்தது, ஐம்பதுக்கு இறக்கினார். கரகரப்பும் பாதியாகச் சின்னதானதே தவிரப் போகவில்லை. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார் ரீஸ்டார்ட், நிறுத்தினார். ஃப்ரிட்ஜையும் நிறுத்தினார். அது நின்றதும் வீடு பொட்டென்று அடங்கிப்போனது. இத்தனை நாள் வீட்டில் ஒன்று கூடவே முனகிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் பேசிப் பதிவு செய்தால் அதே கரகரப்பு.

"இப்ப எதுவுமே பேசாம பத்து செகண்ட் பதிவு பண்ணிக் கேளுங்க."

கேட்டார். ஒரு கீறல் இல்லை.

"கண்டுபிடிச்சாச்சுக்கா. கோவிச்சுக்கக் கூடாது. கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. பழுது நீங்கதான்."

"என்னப்பா சொல்ற?"

"மைக்கை எங்க வெச்சிருக்கீங்க?"

"உதட்டுலதான். வேற எங்க வெப்பாங்க?"

"அதான் பாருங்க. உதட்டுல ஒட்டிக்கிட்டு ஆயிரம் பேரை அதட்டுற மாதிரி பேசினா, அந்தச் சின்ன மைக் பாவம் தாங்குமா? நானே போனை ஒரு முழம் தள்ளி வெச்சுக்கிட்டுத்தான் கேக்கிறேன். கடையில நிக்கிற அத்தனை பேருக்கும் உங்க பிரச்சினை தெரிஞ்சுபோச்சு."

"மெதுவா பேசினா பஸ் ஸ்டாண்டுல எவன் காதுல விழும்?"

"சத்தத்தைக் கூட்ட அங்க பெட்டி இருக்கு. நீங்க பக்கத்துல உக்காந்திருக்கிற ஒருத்தர்கிட்ட சொல்ற மாதிரி சொன்னா போதும்."

"பக்கத்துல யாருப்பா இருக்காங்க?"

ரீஸ்டார்ட், "நாலு விரல் தள்ளி வைங்கக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

மைக்கம்மா முயன்றார். முதல் தடவை புறம் பேசுவதுபோல் வந்தது. இரண்டாம் தடவை காய்ச்சல்காரியின் குரல். மூன்றாம் தடவை நன்றாகத் தொடங்கி, பாதியில் தன்னை மறந்து கத்திவிட்டார். மெதுவாகப் பேசிப் பழக்கமே இல்லை. கணவர் பேருந்து ஓட்டுநர். இன்ஜின் இரைச்சலில் ஒரு காது மந்தமாகிப்போனவர். "சாவி எடுத்தாச்சா?" என்று மைக்கம்மா கேட்டால், சண்டை என்று நினைத்து எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும்.

மெதுவாகப் பேசியது ஒரே ஒரு இடத்தில்தான். ஆறு வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரியில். கணவரைச் சேர்த்த அன்றே நர்ஸ் வந்து, "அம்மா, இது பஸ் ஸ்டாண்டு இல்ல," என்று அதட்டிவிட்டுப் போனார். கணவருக்கு நினைவு தடுமாறிக்கொண்டிருந்தது.

"என் வண்டி கிளம்பிடுச்சா?"

கேட்கிற காதின் பக்கம் குனிந்து சொன்னார். தடம் எண் பதினேழு, மூன்றாவது நடைமேடையில் நிற்கிறது, இன்னும் பத்து நிமிடத்தில் புறப்படும். கணவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. கடைசி மூன்று நாளும் அப்படியே. அந்த வண்டியை மைக்கம்மா கிளம்பவே விடவில்லை.

மணி மூன்று நாற்பது. மைக்கை நாலு விரல் தள்ளி வைத்தார். கொஞ்சம் குனிந்தார்.

"தடம் எண் பதினேழு, மூன்றாவது நடைமேடையில் நிற்கிறது. இன்னும் பத்து நிமிடத்தில் புறப்படும்."

கரகரப்பு இல்லை. ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்டார். மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினார். எழுந்து ஃப்ரிட்ஜைப் போட்டார்.

அந்தக் குரலையே தேர்ந்தெடுத்தார்கள். நிலையத்தில் அது ஒலிக்கத் தொடங்கிய திங்கட்கிழமை, எங்கும் போகவேண்டிய வேலை இல்லாமலே மைக்கம்மா மூன்றாவது நடைமேடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மேலே ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து அவர் குரல் வந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள், அவ்வளவுதான்.

ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பதினேழு போயிடுச்சாம்மா?"

"இன்னும் கிளம்பலப்பா! அதோ நிக்குது, ஓடு!"

அந்தப் பழைய தொண்டைக்குப் பாதி நிலையம் திரும்பிப் பார்த்தது. ஓடியவர் தொற்றி ஏறிக்கொண்டார். வண்டி கிளம்பியது. திரும்பிய முகங்கள் ஒவ்வொன்றாக அவரவர் பக்கம் போயின. அடுத்த பதினேழுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. மைக்கம்மா உட்கார்ந்தே இருந்தார்.