குமிழிக்காக ஒரு கடி

அந்தச் சிறப்புப் பயிற்சி மையத்தில் அவளைத் துப்பறியும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு வராத, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கு, ஆளுக்கேற்றபடி தனித்தனியாகப் பழக்கத் திட்டம் போடுவது அவள் வேலை. காரணமில்லாமல் எந்தப் பிள்ளையும் தன்னைத் தானே கடித்துக்கொள்ளாது என்பதால், பார்க்கிறவர் எல்லோர் மேலும் அவளுக்குச் சந்தேகம். புருஷன் சிரித்தால்கூட எதற்கென்று யோசிப்பாள்.

இப்போது சந்தேகம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா மேல். பக்கத்தில் யாராவது கத்தினால் புறங்கையைக் கடித்துக்கொள்ளும் ஒரு சிறுமி. அக்கா போட்ட திட்டம் எளிமையானது. கடித்தால் ஆயா கையை எடுக்கச் சொல்ல வேண்டும்; எடுத்ததும் சோப்புக் குமிழி ஊத வேண்டும். குமிழி என்றால் அதற்கு உயிர். ஆனால் கடி குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது.

சிறுமியின் அம்மா வந்து சண்டை பிடித்தாள். "வீட்டுல கடிக்கிறதே இல்லை. இங்கதான் யாரோ என் பொண்ணைப் படுத்தறீங்க. இந்த வாரத்தோட நிறுத்திடறேன்." வேறு எந்த மையமும் அந்தப் பிள்ளையைச் சேர்க்காது. நின்றால் நாலு சுவர்தான் கதி.

அம்மா பொய் சொல்கிறாளா, ஆயா கிள்ளுகிறாளா? அக்கா கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். ஆயா தள்ளி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அறையில் சத்தமில்லை. சிறுமி ஆயாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைக் கடித்தாள். "கையை எடு கண்ணு" என்றாள் ஆயா. எடுத்தாள். அழவில்லை, அண்ணாந்து வாய் திறந்து காத்திருந்தாள். குமிழி வந்தது.

அக்காவுக்குச் சுருக்கென்றது. கடித்தால்தான் குமிழி என்று பிள்ளை புரிந்துகொண்டிருந்தது. வீட்டில் குமிழியும் இல்லை, கடியும் இல்லை.

அம்மாவிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "கடிக்கக் கத்துக்கொடுத்தது என் திட்டம்தாம்மா." இனி கை சும்மா இருக்கும்போது குமிழி; பாட்டிலைத் தொட்டுக் கேட்டாலும் குமிழி. கடித்தால் பேசாமல் கையை விலக்கிவிடுவதோடு சரி. பழைய வழி பலிக்காததால் முதலில் கடி இன்னும் கூடும் என்பதையும் மறைக்கவில்லை.

அம்மா நம்பவில்லை. ஆயாவைக் காப்பாற்றத்தானே பழியை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள்.

"அப்ப நீங்களே உட்காருங்க. பாட்டில் உங்க கையில இருக்கட்டும்."

மறுநாள் அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். சிறுமி பாட்டிலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கையைக் கடித்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. கையைத் தானே எடுத்துவிட்டு, அண்ணாந்து வாய் திறந்து அம்மாவுக்காகக் காத்திருந்தாள்.

அதன்பின் நிறுத்துகிற பேச்சை அம்மா எடுக்கவில்லை. ஆனால் லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து உட்கார்ந்தாள். அவள் கண் இப்போது ஆயா மேல் இல்லை, அக்கா மேல்.