பூஜ்யம் வந்த பிறகும்

பேய், பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அரசு அலுவலகக் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே செத்தவர் நடமாடினால் அது தட்டச்சுப் பிழை. இதையும் நீங்கள் நம்பப்போவதில்லை, பரவாயில்லை.

ஓய்வுக்குப் பிறகு கப்பலூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒப்பந்த வேலை. நோயாளிகளின் விவரப் பட்டியல், எங்கள் பேச்சில் டேபிள், பெருத்துப்போய்க் கணினி திணறியது. மருத்துவமனையை மூட முடியாது, ஆகவே பழைய டேபிள் ஓடும்போதே பக்கத்தில் புதியதை நிரப்பி, இடையில் வரும் திருத்தங்களையும் அதில் ஏற்றி, ஏற்ற வேண்டிய பாக்கி பூஜ்யமானதும் பழையதன் இடத்தில் புதியதை வைக்க வேண்டும். அந்தக் கணத்தில் யாராவது ஒரு திருத்தத்தைப் பாதியில் வைத்திருந்தால் அது பழையதோடு போய்விடும், போனதும் தெரியாது. அதனால் எல்லாப் பிரிவுகளிலும் கொஞ்ச நேரம் எதையும் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தோம்.

மதியம் பாக்கி பூஜ்யம் காட்டியது. மேலாளர் செந்தில் என் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"ஜீரோ வந்துருச்சுல்ல சார், இன்னும் எம்புட்டு நேரம்? முதலாளி லைன்ல இருக்காரு."

விதிப்படி அவன் சொன்னது சரி. விரலைப் பொத்தானில் வைத்தேன், இன்டர்காம் அடித்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்துத் தமிழரசியின் குரல்.

"மாத்திராதீங்க சார். பிரசவத்துக்கு வந்திருக்கிற பேரையூர்ப் பொண்ணுக்கு ரத்த குரூப் தப்பா ஏறியிருக்கு, திருத்திக்கிட்டிருக்கேன்."

கையை எடுத்துவிட்டேன்.

"ஒரு போன் வந்தா நின்னுருவீங்களா பெரியவரே? இதுக்கா உங்களக் கூப்புட்டோம்?" என்றான் செந்தில்.

சற்று நேரத்தில் பாக்கி ஒன்று என்று காட்டி, மறுபடி பூஜ்யமானது. பிறகுதான் மாற்றினேன். அந்தப் பெண்ணுக்கு அன்று ரத்தம் ஏற்றினார்கள், சரியான ரத்தம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வேலையைத் தாமதப்படுத்தியதாக எழுதி என் ஒப்பந்தத்தை முடித்தார்கள். அதிலும் முறை தவறவில்லை, கையெழுத்தெல்லாம் இருந்தது.

கிளம்பும் நாளில் தமிழரசியிடம் நன்றி சொல்லப் போனேன்.

"நல்ல நேரத்துல போன் பண்ணினம்மா."

"நான் எங்க சார் பண்ணேன்? நீங்கதான பண்ணீங்க."

"நானா?"

"உங்க குரலு எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணோட சாம்பிள இன்னொருவாட்டி பாரும்மா, நிதானமாப் பாரு, மாத்துறத நிறுத்தித்தான் வச்சிருக்கேன்னீங்க. அப்புறந்தான் நான் பாத்தேன்."

"எப்ப?"

"மில்லுல மதியச் சங்கு ஊதுச்சே, அப்ப."

சங்கு ஊதியபோது நான் எதிர் டீக்கடையில் செந்திலோடு நின்றிருந்தேன், டீயும் அவன் கணக்குதான். அப்போது பூஜ்யமும் வரவில்லை, நான் எதையும் நிறுத்தவும் இல்லை. பேரையூரிலிருந்து ஒரு பெண் வந்திருப்பதே எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் வீட்டில் போன் அடித்தால் என் மனைவிதான் எடுக்கிறாள். நான் எடுத்து, அந்தப் பக்கம் என் குரலே பேசினால், அதற்கு என்ன நடைமுறை என்று எனக்குத் தெரியாது.