தட்டு மாற்ற வந்தவர்களும் ரேடாரும்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிலிமத்தலாவையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத் தட்டு மாற்றப் புசல்லாவையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு முப்பத்திநாலு வயது. இதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருந்தன. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாறிவிட வேண்டும். நாலு மணிக்குத் தேத்தண்ணீர் கொடுத்தோம்.

அங்கேதான் சனியன் பிடித்தது. டீவி செய்தியில் ஒரு போர் விமானத்தைக் காட்டினார்கள்.

"ரஷ்யாக்காரன் விமானத்துக்கு மூக்கு பெருசு. உள்ள பெரிய ரேடார். எங்க வந்தாலும் தூரத்துலயே புடிச்சிடும்" என்றார் அப்பா. தபால் கந்தோரில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவர்.

"அதெல்லாம் பழைய கதைங்க சம்பந்தி. பிரான்ஸ்காரனோடது சின்னதா இருந்தாலும் புதுசு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. பித்தளைச் சாமான் விற்கிறவர். இரண்டு பேரும் விமானத்தில் கால் வைத்ததில்லை.

"ரேடாரைப் போட்டாலே நாம எங்க இருக்கோம்னு எதிரிக்குத் தெரிஞ்சிடுமுங்க!" என்று அவரே தொடர்ந்தார்.

"போடாட்டி என்னத்தப் பாக்கிறது?" என்றார் அப்பா.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

இருவரும் உட்கார்ந்திருந்த கதிரைகள் நகர்ந்தன. மூன்றாவதும் போச்சு என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அப்பாடா என்றிருந்தது.

"எதிர்ல வர்ற விமானம் எவ்வளவு பெருசுங்கிறதப் பொறுத்துத்தான் ரேடார் புடிக்கிற தூரம், மாமா. ஆளுக்கொரு அளவ வச்சுப் பேசுனா எப்படிங்க ஒப்பிடுறது?" என்று சொல்லி ஃபோனை எடுத்தார். மூன்று தலைகளும் அதற்குள் கவிழ்ந்தன. கடவுளே, இவரும் அதே ரகமா!

மணி நாலு இருபத்தைந்து. நான் தட்டைத் தூக்கினேன்.

"பொறுடி, அப்பா எழும்பட்டும்" என்றார் அம்மா. பொறுத்ததெல்லாம் போதாதா?

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார். "கொண்டாம்மா. இவங்கள நம்புனா உனக்கு நேரா அறுவதாங் கல்யாணந்தான்" என்றார். இரண்டு அம்மாக்களும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். என் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். ஒரு ஆண்பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு அப்பா திடுக்கிட்டு எழுந்தார். "ஐயையோ, நேரம் போச்சே! தட்டு எங்க?"

"மாத்தியாச்சுப்பா."

அவர் மேசையில் மாப்பிள்ளை வீட்டுத் தட்டிலிருந்த சேலையைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். "நான் பாக்கலியேம்மா" என்றார்.

"நாலு அடி தூரத்துலதாம்பா நடந்துச்சு!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது.