குரங்கின் மேல் போட்ட பழி

எங்கள் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து ஓர் ஓட்டுத் துண்டு. உள்ளங்கை அகலம் இருக்கும். வெளிப்பக்கம் பழுப்பு, உட்பக்கம் வெள்ளை. என் அக்கா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பட்டுத் துணியில் சுற்றி, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்கும் அனுமார் படத்துக்கும் நடுவில் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு பூ உண்டு.

அது ஒரு காலத்தில் முழு ஜாடியாக இருந்தது. அதை ஓடாக்கியவன் நான். அறுபத்து மூன்று வருடம் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினேன் என்பதையும், சான்று இல்லாமல் எதையும் நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்த ஊறுகாய் ஜாடி பெண் வழியாகவே கைமாறி வந்தது. அம்மாவுக்கு அவள் தாய் கொடுத்தது, அந்தத் தாய்க்கு அவள் தாய். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வைக்கோலுக்குள் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்களாம். நூறு மாங்காயை வெட்டிப் போட்டாலும் கழுத்துக்குக் கீழேதான் நிற்கும். அடுத்தது அக்காவுக்கு என்று முடிவாகியிருந்தது. அக்காவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடுவதற்கு முன்பே ஜாடி தயாராக இருந்தது.

சித்திரை வந்தால் ஊறுகாய் போட்டு, ஜாடியைப் பத்து நாள் மொட்டை மாடியில் வெயிலில் வைப்பார்கள். அடியில் செங்கல், வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். எங்கள் தெரு கோவிலுக்கும் மலைக்கும் நடுவில் இருந்ததால், மலையில் பசித்த குரங்குகள் எல்லாம் எங்கள் மாடிகள் வழியாகத்தான் கோவிலுக்குப் போகும். ஆகவே ஜாடிக்குக் காவல் உண்டு. அந்த வருடம் காவல் அக்கா. அவளுக்குப் பதினைந்து வயது. குடைக்குக் கீழே மூங்கில் கழியுடன் உட்கார்ந்து வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பிடக் கீழே போகும்போது கழியை என்னிடம் கொடுத்தாள். எனக்கு ஒன்பது வயது.

"தம்பி, பத்து நிமிஷம் பாத்துக்கோ. கொரங்கு வந்தா கழியால தரையத் தட்டு. அடிக்காத, அப்புறம் அது கூட்டத்தையே இட்டுனு வந்துடும்."

அவள் தலை படியில் மறைந்ததும் துணியை அவிழ்த்தேன். மேலே எண்ணெய் மட்டும் நின்றது. துண்டுகள் அடியில் கிடந்தன. கை எட்டவில்லை. எட்டுவதற்காக ஜாடியை என் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தேன். அந்தக் கொஞ்சம் போதுமானதாக இருந்தது. செங்கல்லிலிருந்து நழுவி, ஒரே சத்தத்தில் நான்கு தலைமுறை தரையில் ஓடியது.

பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்து இதையெல்லாம் முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கி வந்தது. ஒரு துண்டை எடுத்து மோந்தது, நக்கியது, தலையை உதறியது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதது போல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் அக்கா சோற்றுக் கையோடு மேலே ஓடி வந்தாள். பின்னால் அம்மா.

"கொரங்கு" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் நான் சொன்னது. மீதியைக் குரங்கே சொல்லிவிட்டது. என் கையில் இருந்த மிளகாய் எண்ணெயைக் காக்கி டிராயரின் பின்பக்கம் துடைத்துக்கொண்டேன். அதே கையால் கண்ணைத் தொட்டதில் கண்ணீர் கொட்டியது.

"பையன் பயந்துட்டான் பாரு" என்று அம்மா விபூதி கொண்டுவந்து பூசினாள். ஊதியபோது அதில் கொஞ்சம் கண்ணில் விழுந்தது. அழுகை இன்னும் உண்மையாக அமைந்தது.

பிறகு அம்மா தானாகவே அமைதியானாள். அப்பாவுக்குச் சொந்த ஊருக்கே மாற்றல் கிடைத்தால் அனுமாருக்கு வடை மாலை சாத்துவதாக வேண்டியிருந்தாள். மாற்றல் வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. வடை மாலை ஆகவில்லை. அன்றைக்குக் கிழமையும் சனி.

"வந்து கேட்டுட்டாருடி" என்றாள் அக்காவிடம்.

"கொரங்குன்னா ஒடைக்கத்தான் செய்யும்" என்றார் அப்பா. அம்மா பார்த்த பார்வையில் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உளுந்து வாங்கப் புறப்பட்டார்.

வடை மாலையோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இனி இந்த வீட்டில் மாங்காய் ஊறுகாய் போடுவதில்லை என்றும், வருடா வருடம் சித்திரை முதல் சனிக்கிழமை மலையடியில் குரங்குகளுக்கு மாங்காய் படைப்பது என்றும் அம்மா தீர்மானித்தாள். காவலை விட்டுச் சாப்பிடப் போன குற்றத்துக்காக, காசிக்குப் போகிறவர்கள் பிடித்த ஒன்றை விட்டுவிட்டு வருவதுபோல், அக்கா ஆயுசுக்கும் மாங்காய் ஊறுகாயை விட்டாள். அம்மா கேட்கவில்லை. அவளே விட்டாள். மாங்காய் ஊறுகாய்க்காகவே தயிர்ச் சோறு சாப்பிட்டவள் அவள். நான் பக்கத்தில் நின்று, கண் சிவக்க, பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். முதல் வாரம் அடிக்குப் பயந்தேன். முதல் வருடம் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அது குடும்ப வரலாறாகிவிட்டது. நேரில் பார்த்தவன் என்று ஒவ்வொரு விசேஷத்திலும் என்னைத்தான் சொல்லச் சொன்னார்கள். என் கல்யாணத்தின்போது குரங்கு துணி முடிச்சைத் தானே அவிழ்த்தது. அக்கா மகளுக்குக் காது குத்தியபோது அது கோவில் கோபுரத்துப் பக்கமிருந்து வந்தது. கடைசியில், உடைத்துவிட்டு மலையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனது. அந்தக் கும்பிடைச் சேர்த்ததும் நானேதான். பந்தியில் நாலு பேர் இலையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சும்மா போய்விட்டது என்று முடித்தால் சப்பென்று இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ஒரு மெஸ் இருந்தது. வேலை பார்த்த முப்பத்து நான்கு வருடமும் அங்கே மத்தியானம் தயிர்ச் சோற்றுக்கு மாங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டேன். சட்டைக் கைகளில் மஞ்சள் எண்ணெய்க் கறையைத் துவைத்தவள் என் மனைவி. ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அது மன்னிப்பா சோம்பலா என்று நானும் கேட்டதில்லை.

படையலைக் குரங்குகள் ஒரு வருடமும் மதித்ததில்லை. உப்பு தூவிய மாங்காயில் உப்பை நக்கிவிட்டு, மாங்காயை எங்கள் மேலேயே எறியும். இப்போது அங்கே உணவு கொடுக்கக் கூடாது என்று வனத்துறை பலகை வைத்திருக்கிறது. போன வருடம் பலகைக்குக் கீழேயே நான் பையைப் பிரித்தபோது ஒரு வனக் காவலர் வந்து நின்றார்.

"சார், போர்டு பாக்கலீங்களா?"

"பாத்தேன்பா. இது வேண்டுதல்."

"எல்லாரும் அதான் சார் சொல்றாங்க. நீங்க எனக்கு ஒம்பதாவதுல பாடம் எடுத்தீங்க. நீங்களே இப்டி பண்ணா நான் யாரப் புடிக்கறது?"

ஒழுக்கம் பற்றி அவருக்கு நான் என்ன நடத்தினேனோ, மாங்காய்ப் பையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.

இந்த வருடம் பங்குனியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. எழுபத்தெட்டு வயது. காய்ச்சல் இறங்கியது, வாய் ருசி திரும்பவில்லை. நாலு வாய் மோர்ச் சோறு, பிறகு தட்டைத் தள்ளிவிடுவாள். வங்கியில் வேலை பார்க்கும் அவள் மகள் நார்த்தங்காய் வைத்துப் பார்த்தாள், துவையல் அரைத்துப் பார்த்தாள். மணிக்கட்டு வளையல் முழங்கை வரை ஏறும் அளவுக்கு அக்கா இளைத்துவிட்டாள். தினமும் சாயங்காலம் நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன்.

ஒரு நாள் சொன்னாள்: "அந்த ஜாடி மேல துணி அவுக்கறப்ப ஒரு வாசனை வரும் பாரு. நேத்து கனவுல வந்துச்சுடா. நாக்குல தண்ணி ஊறிச்சு. முழிச்சிட்டேன்."

"ஒரே ஒரு துண்டு சாப்ட்டா என்னம்மா ஆயிடும்?" என்றாள் மகள்.

"சாமிகிட்ட விட்டத எப்டிடி திரும்பிப் புடுங்கறது?"

அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு துண்டு ஊறுகாய் அவளைச் சாப்பிட வைக்கும். அதைத் தடுத்துக்கொண்டு நிற்பது அனுமார் அல்ல, நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் செல்போனை ஒரு டப்பா மேல் சாய்த்து வைத்து, பட்டுத் துணியைப் பிரித்து ஓட்டை என் மடியில் வைத்தாள். வெளியூரில் இருக்கும் உறவுக்காரர்களின் வாட்ஸப் குழுவுக்குக் குடும்பப் பாரம்பரியத்தைப் படம் எடுத்துப் போடப் போகிறாளாம்.

"நேர்ல பாத்தவங்கள்ல அம்மாவும் நீங்களும்தான் இருக்கீங்க மாமா. அம்மாக்கு ரொம்ப நேரம் பேச முடியல. மொதல்லேர்ந்து சொல்லுங்க."

அக்கா கட்டிலில் சாய்ந்து, கேட்பதற்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஜாடிய ஒடைச்சது நான்தான்" என்றேன்.

"மாமா, ரெக்கார்டு ஓடினு இருக்கு. ஜோக் வேணாம்."

"ஜோக் இல்லம்மா. கைவிட்டு எடுக்கலாம்னு சாய்ச்சேன். விழுந்துடுச்சு."

அக்கா கண்ணைத் திறந்தாள். "உனக்கு வயசாயிட்ச்சு. நான்தான் பாத்தேனே. கையில துண்ட வெச்சினு நின்னுச்சு."

"ஒடஞ்ச பிறகு எறங்கி வந்துச்சுக்கா."

"மலையப் பாத்து கும்புட்டுச்சு."

"அத நீ பாத்தியா?"

அக்கா வெகுநேரம் யோசித்தாள். "நீ சொன்ன."

"ஆமா."

"உன் கண்ணு செவந்து கெடந்துச்சே. பயத்துல அழுத."

"மொளகாக்கா."

செல்போன் டப்பா மேலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அறுவத்து மூணு வருஷம். வெறும் தயிர் சோறு. எம் மாமியார் வூட்ல போட்டாங்க, தொடல. ரயில்ல பக்கத்து சீட்டுல பிரிச்சாங்க, எழுந்து கதவாண்ட போய் நின்னேன். நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"எங்க?"

மெஸ்ஸைச் சொன்னேன். கல்யாணப் பந்திகளைச் சொன்னேன். கேட்காமலே, அவளுடைய சொந்த வளைகாப்பில் சமையல்காரரிடம் தனியாக வாங்கித் தின்றதையும் சொன்னேன்.

"அம்மா, அனுமார் கேக்கவே இல்லன்னா இந்த வேண்டுதல் செல்லாதும்மா" என்றாள் மகள். வங்கிக்காரி. "நீ தாராளமா சாப்டலாம்."

"அதெப்படி செல்லாது? வாயால விட்டது விட்டதுதான். யாராவது ஒருத்தர் தூக்கினு நிக்கணும்." அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ எடுத்துக்கோ."

"எத?"

"இன்னிலேர்ந்து நீ விடு. நான் சாப்டறேன்."

"எவ்ளோ நாளைக்குக்கா?"

"நான் எவ்ளோ நாள் விட்டேனோ அவ்ளோ நாளைக்கு."

"எனக்கு நூத்தி முப்பத்தஞ்சு வயசாயிடும்."

"இருந்துட்டுப் போ."

ஓட்டுக்கு முன்னால் நிற்கவைத்து, கற்பூரம் ஏற்றி, என் வாயால் சொல்ல வைத்தாள். குரங்குகளுக்குப் படையலை நிறுத்திவிடலாமா என்று மகள் கேட்டதற்கு, "வாயில்லாத ஜீவன் மேல பழி போட்டிருக்கோம், ஜாஸ்தியாதான் குடுக்கணும்" என்றாள். பலகையையும் வனக் காவலரையும் பற்றி நான் சொன்னேன். "உன் ஸ்டூடண்டுதானே, நீ பாத்துக்கோ" என்றாள். வீடியோவைக் குழுவில் போட வேண்டாம் என்று கெஞ்சினேன். மகள் அம்மாவைப் பார்த்தாள். "போடு" என்றாள் அக்கா.

மறுநாள் சந்தையில் இருபது மாங்காய் வாங்கி வந்து அக்காவின் கூடத்தில் அரிவாள்மனை முன் உட்கார்ந்தேன். அவள் கட்டிலிலிருந்தே வேலை வாங்கினாள். கொட்டை ஓட்டோடு வெட்டு. ஈரக் கையால தொடாத. கடுகுப்பொடி கம்மி, இன்னும் போடு. எழுபத்திரண்டு வயதில் மாங்காய் வெட்டினால் இடுப்புக்கு என்ன ஆகும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். பூஜை அலமாரியில் இருந்த ஓடு ஜாடியாக இருந்த காலத்தில் அந்த வேலையை அம்மா தனியாக, நூறு மாங்காய்க்குச் செய்தாள்.

ஊறும்வரை அக்காவுக்குப் பொறுமை இல்லை. மூன்றாம் நாள் மத்தியானமே தயிர்ச் சோறு கேட்டாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள், வெறும் தயிர்ச் சோறு. அவள் ஒரு துண்டை எடுத்து உடனே வாயில் வைக்கவில்லை. மகள் வேறெங்கோ பார்த்துக்கொண்டாள். பிறகு கடித்தாள். புளிப்பில் ஒரு கண் மூடிக்கொண்டது. வெகுநேரம் மென்றாள்.

"உப்பு எட்டல" என்றாள்.

அடுத்த துண்டை என் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"மோந்து பாரு. மோந்து பாக்கறதுக்கு வெரதம் கெடையாது."

மோந்து பார்த்தேன். அவள் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, தட்டை வழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். மகள் எழுவதற்குள் நான் எழுந்து போய்ப் போட்டேன்.